பெட்டலுமா வளர்ச்சி எல்லையை 2050 வரை நீட்டிக்கும் மெஷர்: ஆமாம் போடலாமா?

கீர்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் மாதம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது, 2024 நவம்பர் 5 அன்று போடப்போவது என் முதல் ஓட்டு. பேலட் (வாக்குச்சீட்டு) தபாலில் வந்து ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பெரிய பதவிகளுக்கெல்லாம் யாரென்று முடிவு பண்ணிவிட்டேன், கவுண்டி மெஷர்களையும், அதாவது மக்கள் ஓட்டுக்கு விடும் மாவட்டத் தீர்மானங்களையும், படித்து முடித்தாயிற்று, ஒன்றே ஒன்றில் மட்டும் பேனா நிற்கிறது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் பெட்டலுமாவின் நகர வளர்ச்சி எல்லையை 2050 கடைசி வரை நீட்டிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது இருக்கும் எல்லை 2025 முடிவோடு காலாவதியாகிறது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக வாடகை வீடு, இரண்டு பெட்ரூம், இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓப்பன் ஹவுஸ் பார்க்கப் போவதே வேலையாக இருந்தது, இப்போது அதையும் விட்டுவிட்டோம், பார்த்து ஏங்குவதில் என்ன இருக்கிறது. திரும்பி வரும்போது வேண்டுமென்றே அடோபி ரோடு வழியாக வருவோம். ஒரு பக்கம் மலை, இந்தப் பக்கம் வைக்கோல் கட்டுகள், மாடுகள். சின்னவன் மாடுகளை எண்ணிக்கொண்டே வருவான், எழுபதைத் தாண்டினால் கைதட்டுவான். அங்கேதான் எனக்கு இரண்டு மனசு. இத்தனை நிலம் இருக்கிறதே, இதில் நாலு தெரு வந்தால் நமக்கும் ஒரு வீடு கிடைக்குமே என்று ஒரு மனசு. இந்த மாடுகளையும் மலையையும் பார்த்துத்தானே இந்த ஊருக்கு வந்தோம் என்று இன்னொன்று. வீடு இல்லாத நானே எல்லைக்கு ஆமாம் போட்டால் எனக்கு நானே கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி ஆகிவிடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துக்குமார்:

கீர்த்தி, முதல் ஓட்டுக்கு வாழ்த்துகள்மா. நான் இந்த ஊருக்கு வந்து 24 வருடம் ஆகிறது. 2010 இல் இதே எல்லையை 2025 வரை நீட்டித்தபோது ஆமாம் போட்டேன், இந்த முறையும் அதேதான். ஏனென்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை என்பது ஊரைச் சுற்றி வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே இருக்கும் நிலத்தை நகரம் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அங்கே போகாது. குழாய் போகாத இடத்தில் முந்நூறு வீட்டு லே-அவுட் போட முடியாது, அவ்வளவுதான் விஷயம். 1998 இல் ஓட்டுப் போட்டு மக்கள் கொண்டுவந்த கோடு இது, அதனால் அதை நகர்த்தவும் பொதுவாக மக்கள் ஓட்டு வேண்டும். காலாவதியாக விட்டால் மேயரையும் சேர்த்து ஏழு பேர் உள்ள நம் கவுன்சிலில் நாலு பேர் கை தூக்கினால் போதும், கோட்டை நகர்த்தும் வேலை தொடங்கிவிடும். அப்புறம் கவுண்டி அளவில் இன்னொரு ஒப்புதல் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் நம்மிடம் கேட்க மாட்டார்கள். இன்று இருக்கும் கவுன்சிலைப் பற்றி எனக்குக் குறை இல்லை. 2034 இல் யார் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் தேர்தல் செலவுக்கு யார் பணம் தந்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த ஊருக்கு இதில் ஒரு பெரிய கதையே இருக்கிறது. 101 நெடுஞ்சாலை அகலமாகி, சான் பிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிழக்குப் பக்கம் வீடு வாங்கத் தொடங்கினார்கள். 1969 இல் 358 வீடு கட்டிய ஊரில் 1971 இல் மட்டும் 891 வீடு எழும்பியது. 1950 இல் பத்தாயிரம் பேர் இருந்த ஊர், 1972 கடைசியில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. நகரம் பயந்துபோய், வருடத்துக்கு 500 வீட்டுக்கு மேல் அனுமதி இல்லை என்று ஒரு திட்டம் போட்டது. கட்டுமானக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974 இல் கீழ்க் கோர்ட்டில் ஊர் தோற்றது, 1975 இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது, 1976 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. இன்றைக்கும் அமெரிக்காவில் நகரத் திட்டமிடல் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வழக்குப் பாடம். ஒரு ஊர் தன் வளர்ச்சியைத் தானே தீர்மானிக்கலாம் என்பதற்காக இங்கே இருந்தவர்கள் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள், அதைச் சும்மா காலாவதியாக விட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. நான் வாராவாரம் முட்டை வாங்கும் பண்ணை மேற்கே இருக்கிறது. போன வருடம் அவர்கள் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டார்கள், பெரிய செலவு. அடுத்த பத்து வருடத்தில் நிலம் லே-அவுட்டாகும் என்று சந்தேகம் இருந்திருந்தால் அந்தக் கூரையைப் போட்டிருக்க மாட்டேன், ஒழுகும் இடத்தை அடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன் என்றார் பண்ணை நடத்தும் அம்மா. எல்லை நிச்சயமாக இருந்தால்தான் பண்ணைக்காரர் பண்ணையில் பணம் போடுவார். உலகத்தின் முட்டைத் தலைநகரம் என்று பேர் எடுத்த ஊர் இது, நன்றாக வேலை செய்யும் முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை உருவாக்கியதும் இங்கேதான், 1879 இல். மிச்சம் இருக்கும் பண்ணைகளாவது இருக்கட்டும்.

பாலா, மவுண்டன் ஹவுஸ்:

முத்துக்குமார் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் ஃப்ரீமான்ட்டில் எட்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, கட்டுப்படியாகாமல் இங்கே வந்து வாங்கினேன். விடிவதற்கு முன்னால் காரை எடுத்தால்தான் ஆல்ட்டமாண்ட் கணவாயைத் தாண்ட முடியும், காற்றாலை விளக்குகள் சிவப்பாக மினுக்கிக்கொண்டு இருக்கும்போதே நான் 580 நெடுஞ்சாலையில் நிற்பேன். சாயங்காலம் திரும்பும்போது மகள் தூங்கப் போகிற நேரம். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறோம், அதில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று இங்கே பொங்கலுக்கு வந்து பாருங்கள்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒவ்வொரு ஊரும் இங்கே கட்டாதே, அங்கே கட்டாதே என்று கோடு போட்டதால்தான் நாங்கள் மலையைத் தாண்டி வந்தோம். நீங்கள் காப்பாற்றிய வயலுக்குப் பதிலாக இந்தப் பக்கத்து வயல் போனது, என் வீடு நிற்கும் இடமும் ஒரு காலத்தில் வயல்தான். நிலத்தின் அளவைக் குறைத்தால் விலை ஏறும், இது சாதாரணக் கணக்கு. கீர்த்தி, உங்களுக்கு வீடு வேண்டுமென்றால் வேண்டாம் என்று போடுங்கள்.

செல்வி:

பாலா, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. என் அண்ணன் குடும்பமும் உங்கள் பக்கத்து ஊர் ட்ரேசியில்தான். ஆனால் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தைத் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் சிவில் எஞ்சினியர், மழைநீர் வடிகால் வேலை பார்க்கிறேன், அதனால் தண்ணீர்ப் பக்கமிருந்து சொல்கிறேன். பெட்டலுமா ஆறு என்கிறோமே, அது பிறவியில் ஒரு உப்பங்கழி, கடல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1959 இல்தான் அதற்கு ஆறு என்று பெயரே கொடுத்தது. கனமழை பெய்து, அதே நேரத்தில் கடலும் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீருக்குப் போக இடம் இல்லை, ஊருக்குள் வரும். 2005 டிசம்பர் 31 அன்று அப்படித்தான் வந்தது. பேரன் (Payran) என்ற தெருப் பக்கம் அடிக்கடி மூழ்கியதால்தான் அங்கே வெள்ளச் சுவரே கட்டினார்கள். இப்போது யோசியுங்கள், ஊரைச் சுற்றி இருக்கும் மேய்ச்சல் நிலம் மழையில் ஒரு பங்கையாவது குடித்துக்கொள்கிறது, மிச்சத்தை மெதுவாக விடுகிறது. அங்கே கூரையும் தாரும் கான்கிரீட்டும் போட்டால் பெய்கிற மழை மொத்தமும் ஒரே மணி நேரத்தில் கீழே இருக்கிற பழைய தெருக்களுக்கு வந்து சேரும். அந்தத் தெருக்களில் இருப்பவர்கள்தான் ஊரிலேயே குறைந்த வாடகை கொடுப்பவர்கள். புது வீட்டின் விலையில் இந்தச் செலவு எழுதியிருக்காது.

குடிநீரும் அப்படித்தான். நமக்கு ரஷ்யன் ஆற்றுத் தண்ணீர், அது ஒன்றும் ஊற்று மாதிரி பெருகிக்கொண்டே இருப்பதில்லை. பாலா, 2015 ஜூனில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று அங்கே இருந்த பழையவர்களைக் கேளுங்கள். வறட்சியில் மாநிலம் தண்ணீர் உரிமையை நிறுத்தச் சொன்னதும், ஒரே ஒரு பாசன நீர் அமைப்பை நம்பி இருந்த மவுண்டன் ஹவுஸுக்கு வேறு தண்ணீர் தேடி அலைய வேண்டியிருந்தது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வீட்டை முதலில் கட்டிவிட்டு மற்றதைப் பிறகு யோசித்தால் என்ன ஆகும் என்பதை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

தீ விஷயத்தில் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். கோடு போட்டால் நெருப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017 அக்டோபரில் சான்டா ரோசாவில் நெருப்பு ஆறுவழி நெடுஞ்சாலையையே தாண்டிக் குதித்து, ஊருக்குள் இருந்த காஃபி பார்க் என்ற குடியிருப்பை எரித்தது. ஆனால் மாடு மேய்ந்து புல் குட்டையாக இருக்கிற நிலத்தில் நெருப்பின் வேகம் குறையும், மலைச் சரிவில் புது வீடுகளைக் கொண்டுபோய் வைத்தால் அவர்களைக் காப்பாற்ற ஒற்றைச் சாலையில் வண்டி போக வேண்டும். அன்றைக்கு இரவு நம் ஊர்க் கண்காட்சித் திடலில் கட்டில் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பைஜாமாவோடு நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர்களின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

கீர்த்தி:

செல்வி அக்கா, முத்துக்குமார் சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. பாலா, நீங்கள் எழுதியதும் மனசைத் தைத்தது, என் கணவரும் இரண்டு வருடம் இப்படித்தான் சான் மட்டேயோவுக்குப் போய் வந்தார்.

ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. வெளியே கட்ட வேண்டாம், சரி. அப்படியானால் உள்ளே எங்கே கட்டப்போகிறார்கள்? 2023 இலிருந்து 2031 க்குள் 1,910 வீட்டுக்கு வழி பண்ண வேண்டும் என்று மாநிலம் பெட்டலுமாவுக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது என்று படித்தேன். கோட்டுக்குள்ளே அவ்வளவுக்கு இடம் இருக்கிறதா, இல்லை இது வெறும் காகிதக் கணக்கா?

அருள், சான் ஹோசே:

இடம் இருக்கிறது கீர்த்தி. நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை, ஆனாலும் மாதம் ஒருமுறை வருகிறேன், மச்சினர் அங்கே இருக்கிறார். டவுன்டவுன் ரயில் நிலையத்தில் இறங்கிச் சுற்றிப் பாருங்கள். காலி மனை, இடிந்த கிடங்கு, பத்துக் கார் மட்டும் நிற்கும் பெரிய பார்க்கிங், எல்லாமே நடக்கிற தூரத்தில். 2017 இல் ரயில் வந்தது, இந்த 2024 இல் கொரோனா ரோடு பக்கம் இரண்டாவது நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் கட்டினால் இத்தனை கார் நிறுத்தும் இடம் கட்டாயம் வேண்டும் என்று நகரம் கேட்கக் கூடாது என்று 2022 இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பார்க்கிங் போனாலே அதே மனையில் இன்னும் சில வீடுகள் சேரும்.

கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் ஊரைவிட வேறு சாட்சி வேண்டாம். 1950 இல் சான் ஹோசேயில் 95 ஆயிரம் பேர். சுற்றிலும் ஏப்ரிகாட், பிளம் தோட்டங்கள், வசந்தத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பூவாக இருக்குமாம். நகர நிர்வாகம் பக்கத்து நிலத்தையெல்லாம் வளைத்து வளைத்துச் சேர்த்துக்கொண்டே போனது. இருபது வருடத்தில் நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது, தோட்டம் போய்விட்டது. இப்போது சொல்லுங்கள், இங்கே வீடு மலிவாக இருக்கிறதா? அகலமாகப் பரப்பினோம், மனைக்கு ஒரே ஒரு வீடு என்று சட்டம் போட்டுப் பரப்பினோம், பரப்பின இடம் தீர்ந்ததும் விலை வானத்துக்குப் போனது. பாலா, உங்களை மலையைத் தாண்டித் துரத்தியது ஃப்ரீமான்ட்டின் மலைக்கோடு என்பதைவிட, ஃப்ரீமான்ட்டுக்குள்ளே தெருத்தெருவாக ஒற்றை வீட்டைத் தவிர எதையும் கட்ட விடாத அந்தச் சட்டம்தான் என்பேன்.

சொலானோ கவுண்டியையும் பாருங்கள். அங்கே விவசாய நிலத்தில் நகரம் கட்டுவதற்கு மக்களின் ஓட்டு வேண்டும் என்று 1984 இலிருந்தே விதி இருக்கிறது. ஒரு பெரிய பணக்காரக் கூட்டம் ஓசைப்படாமல் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கிக் குவித்துவிட்டுப் புது நகரம் கட்டப்போகிறோம் என்று வந்தது. அந்த விதி இருந்ததால்தான் அவர்கள் வெளியே வந்து மக்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது, கடைசியில் இந்த 2024 ஜூலையில் தங்கள் மெஷரைப் பேலட்டிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டார்கள். புது நகரம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நம்மைக் கேட்காமல் நடக்கவில்லை அல்லவா, அது போதும் எனக்கு.

முத்துக்குமார்:

அருள் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்க வேண்டும், அதுவும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு. எல்லைக்கு ஆமாம் என்று வாசலில் பலகை வைத்துவிட்டு, அடுத்த தெருவில் நாலு மாடி அபார்ட்மென்ட் வருகிறது என்றதும் கூட்டத்துக்குப் போய் எதிர்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். டவுன்டவுனில் ஆறு மாடி ஹோட்டல் வரலாமா என்ற விவாதத்தில் இந்த வருடம் முழுக்க ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஹோட்டலைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் அங்கே உயரம் கூடாது, இங்கே நெருக்கம் கூடாது, வெளியே போகவும் கூடாது என்று மூன்றையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் பாலா சொன்னது நூற்றுக்கு நூறு சரியாகிவிடும். கோட்டுக்கு ஆமாம் போடுகிறவன் உள்ளே வரும் வீட்டுக்கும் ஆமாம் சொல்லக் கடமைப்பட்டவன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் என் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சின்ன வீடு கட்டினேன், ஒரு பெட்ரூம், குட்டி அடுப்படி. ஒரு நர்ஸ் பெண் குடியிருக்கிறாள். இதற்கு முன்னால் சான்டா ரோசாவைத் தாண்டி வடக்கே இருந்து வந்துகொண்டிருந்தாள், இப்போது வேலைக்குப் பத்து நிமிடம். எங்கள் தெருவிலேயே இப்படி மூன்று வீடு ஆகிவிட்டது. 2022 இலிருந்து மனையை இரண்டாகப் பிரித்து வீடு கட்டவும் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. கிழக்குப் பக்கம் நம் மனைகள் எவ்வளவு பெரியவை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தெருவுக்கு இரண்டு மூன்று வந்தால் போதும், புதுக் குழாய்ப் பாதை, புதுச் சாலை, புதுப் பள்ளி எதுவும் வேண்டாம்.

பாலா, மவுண்டன் ஹவுஸ்:

சரி அண்ணா, இந்தக் கடைசிப் பேச்சைத்தான் நான் கேட்க விரும்பினேன். கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் கட்ட விடாதவர்கள் மேல்தான் என் கோபம். நிலத்தைக் குறைத்தால் விலை கொஞ்சமாவது ஏறும் என்பதை இன்னும் நான் விடவில்லை, அதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அடோபி ரோட்டில் புது வீடு வந்தாலும் அது ஐந்து பெட்ரூம் வீடாகத்தான் வரும், கீர்த்திக்குக் கட்டுப்படியாகும் வீடாக வராது. எங்கள் ஊரில் வந்ததும் அப்படித்தான், அந்த விலைக்காக நானும் மனைவியும் இரண்டு சம்பளத்தையும் கொட்டுகிறோம். கீர்த்தி, என்ன போட்டாலும் போடுங்கள், ஆனால் அப்புறம் அந்தக் கவுன்சில் கூட்டங்களுக்குப் போங்கள், வீடு வேண்டும் என்று பேச அங்கே ஆளே இருக்க மாட்டார்கள்.

செல்வி:

பாலா சொன்னது முழுக்கச் சரி. அபார்ட்மென்ட் அனுமதிக் கூட்டங்களுக்கு நான் வேலை விஷயமாகப் போயிருக்கிறேன், எதிர்க்க முப்பது பேர் வருவார்கள், வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரி வர முடியாது, தெரியும். ஜூமில் பேசலாமா, ஈமெயில் போதுமா என்று அந்தந்தக் கூட்ட அறிவிப்பிலேயே இருக்கும், நாலு வரி எழுதினாலும் பதிவாகும்.

இன்னொரு விஷயம், குழப்பிக்கொள்ளாதீர்கள்: இதே பேலட்டில் ஜே என்று ஒரு கவுண்டி மெஷர் இருக்கிறது, அது பெரிய கால்நடைப் பண்ணைகளைத் தடை பண்ணுவது பற்றியது. பண்ணை, மாடு, கோழி என்று இரண்டிலும் பேச்சு வருவதால் என் பக்கத்து வீட்டம்மா இரண்டும் ஒன்று என்றே நினைத்துவிட்டார். அது வேறு, இது வேறு. தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக முடிவு பண்ணுங்கள்.

கீர்த்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தோம். கோடு எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன், நாங்கள் மாடு எண்ணும் இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம். கோட்டுக்கு உள்ளே, நாங்கள் தினமும் தாண்டிப் போகிற மூடிக்கிடக்கும் கடை வளாகம் ஒன்று இருக்கிறது, முன்னால் புல் முளைத்த பார்க்கிங். அதில் எத்தனை குடும்பம் இருக்கலாம் என்று இவர் ஒரு தாளில் வரைய ஆரம்பித்துவிட்டார், மூன்று மாடி என்று வைத்தாலே நாற்பதுக்கு மேல் வருகிறது.

ஆமாம் என்ற கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுதப்போகும் நாலு வரியையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், செல்வி அக்கா, ஆங்கிலத்தில் மாற்றினதும் உங்களுக்கு அனுப்பலாமா? பேலட்டை உறையில் போட்டாயிற்று. ட்ராப் பாக்ஸ் நவம்பர் 5 இரவு 8 மணி வரைதானே?

செல்வி:

தாராளமாக அனுப்புங்கள். ஆமாம், 8 மணி வரைதான், ஆனால் கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். உறையில் கையெழுத்துப் போட்டீர்களா? வாக்காளராகப் பதிவு செய்தபோது தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்தான் போட வேண்டும், வாக்காளர் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள்.